டீக்கு நின்ற பஸ்

திருத்தணி,
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் மனைவி யோகலட்சுமி எழுதுகிறேன். வீட்டில் அனைவரும் சுகம் என்று தொடங்கத்தான் ஆசை. அத்தைக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. காதுதான் முன்னைவிட மந்தமாகிவிட்டது. மாடித் தொட்டி ஒழுகியதை ஆள் வைத்து அடைத்தாயிற்று. கிருத்திகை நெருங்குவதால் பஸ் ஸ்டாண்டு பக்கம் கால் வைக்க முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் பம்பைச் சத்தமும் அரோகராவும்தான். எனக்கு என்ன என்பதைக் கடைசியில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதுவரை பொறுக்க என்னால் ஆகாது. ஆறு மாதம் என்று சொல்லிப் போன நீங்கள், கத்தாரில் இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். இந்த மாதக் கடைசியில். எனக்குத் தெரியும்.

நீங்கள் சொல்லவில்லை, அத்தையும் சொல்லவில்லை. போன வெள்ளிக்கிழமை நீங்கள் அத்தையோடு பேசியபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. இப்போதெல்லாம் அப்படி வைத்தால்தான் அவருக்குக் கேட்கிறது. நான் கூட்டுறவுச் சங்கத்தில் போன் எடுத்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்துப் பேசினீர்கள். அன்றைக்குத் தலைவலி என்று பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். கையெழுத்து விஷயத்தைக் கேட்டேன். அதற்கு மேலும் ஒன்று சொன்னீர்கள், அதையும் கேட்டேன். அதைப் பிறகு எழுதுகிறேன். இப்போதே எழுதினால் மீதியை எழுதக் கை வராது.

எதற்குக் கடிதம், போன் பண்ண வேண்டியதுதானே என்பீர்கள். போனில் என் குரல் கொஞ்சம் கம்மினால் போதும், "அழுவாத யோகா, நா பாத்துக்கறேன்" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். நீங்கள் பார்த்துக்கொண்டதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. அதனால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறேன், போன் ஒவ்வொன்றையும் காதில் திருப்பிச் சொல்லிக்கொண்டே வருகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். யாரையும் கூப்பிட்டுச் சரிபார்க்கவில்லை.

முதலில் அந்த ‘டவுன் பஸ்’ விளையாட்டின் கதை. உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனால் நீங்கள் போன பிறகு அது எங்கே போய் முட்டி நின்றது என்று உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் ஸ்டேஷன் பக்கம் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தபோது என் போனில் டாக்பேக்கைப் போட்டுக் கொடுத்தீர்கள். விரல் பட்ட இடத்தில் என்ன இருக்கிறது என்று போன் வாய்விட்டுச் சொன்ன அன்றைக்கு, பொதட்டூர்பேட்டையில் என்னைப் பெற்ற நைனாவிலிருந்து என்னோடு படித்தவள் வரைக்கும் எல்லோருக்கும் போன் போட்டுத் தொல்லை கொடுத்தேன். ஆனால் எந்த விளையாட்டைத் திறந்தாலும் அது ஊமையாகிவிடும். மொத்தத் திரையும் அதற்கு ஒரே படம், அவ்வளவுதான். ரயிலில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் எல்லார் கையிலும் டிங் டிங் என்று ஏதோ வெடித்துக்கொண்டிருக்கும். நான் மட்டும் "என்னா ஆவுது, சொல்லேன்" என்று பக்கத்தில் இருப்பவரின் தோளைச் சுரண்டிக்கொண்டிருப்பேன். அவர்களும் ரெண்டு நிமிடம் சொல்வார்கள், பிறகு ஆட்டத்தில் என்னை மறந்துவிடுவார்கள்.

அப்போதுதான் அரக்கோணத்தில் நடந்த எங்கள் பார்வையற்றோர் கூட்டத்துக்கு ஜெபசீலன் தம்பி வந்தார். ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை, சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் போன் விளையாட்டு செய்கிறவர். கண் தெரியாதவர்களும் யார் துணையும் இல்லாமல் ஆடுகிற மாதிரி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன், ஆடிப் பார்த்துக் குறை சொல்ல ஆள் வேண்டும் என்றார். குறை சொல்ல என்னை விட்டால் ஆள் ஏது? நான்தான் முந்திரிக்கொட்டை போல முதலில் கை தூக்கினேன்.

அந்த விளையாட்டை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று உங்களுக்குத் தெரியும். நாம்தான் பஸ் டிரைவர். நிறுத்தத்தில் நிற்கிற ஜனங்களின் பேச்சு எந்தக் காதில் கேட்கிறதோ அந்தப் பக்கம் ஓரங்கட்ட வேண்டும். வலது காதில் லாரி உறுமினால் இடது பக்கம் ஒடிக்க வேண்டும். கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் நிறுத்து, இரண்டு கொடுத்தால் போ. டாக்பேக்கை அணைத்துவிட்டு ஆட வேண்டும், விளையாட்டே எல்லாவற்றையும் பேசும். பள்ளிக்கூட நாளிலிருந்து பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்து உட்கார வைக்கிற ஆளாகவே இருந்தவள், முதல் தடவையாக முன் சீட்டில் உட்கார்ந்து ஊர் ஜனத்தை ஏற்றிக்கொண்டு போனேன். என் சந்தோஷத்தைப் பார்த்து நீங்கள் கிண்டல் பண்ணினீர்கள். "டிரைவரம்மா, தணிகாசலத்தான் புண்ணியத்துல யாரையும் இடிக்காம போ" என்பீர்கள்.

கடையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் உட்காருவீர்கள். தலையணை மேல் போன், என் இரண்டு காதிலும் இயர்போன், பக்கத்தில் டீ. அப்படி ஆடிய முதல் நாளே, மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் பஸ் நின்றது. இன்ஜின் சத்தம் இல்லை, விசில் இல்லை, ஜனங்களின் பேச்சு இல்லை. நான் ஒரு காதைக் கழற்றிவிட்டு, "பஸ்ஸு டீக்கு நின்னுடுச்சு போல பாவா" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "ஆங், டிரைவரும் ஒரு வாய் குடிக்கட்டும்" என்று டம்ளரை என் கையில் வைத்தீர்கள். நாலு வாய் குடித்திருப்பேன், பஸ் கிளம்பிவிட்டது.

அதற்கப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. நிற்கும், நான் போனிலிருந்து கையை எடுத்து டீயை எடுப்பேன், கிளம்பும். ஜெபசீலனுக்கு எழுதி அனுப்பிய குறிப்பில் இதைத் தனியாகப் பாராட்டினேன். நம் ஊர் பஸ் மாதிரியே நடுவழியில் டீக்கு நிற்பது நன்றாக இருக்கிறது, தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள் என்று. அவர் நான் ஏதோ கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்து, சிரிக்கிற பொம்மை போட்டுப் பதில் அனுப்பினார்.

மார்கழியில் விளையாட்டு வெளியே வந்தது. யார் துணையும் இல்லாமல் ஆடலாம் என்று விளம்பரம் போட்டார்கள். உள்ளே ஓர் இடத்தில், சோதித்துப் பார்த்தவர் யோகலட்சுமி, திருத்தணி என்று என் பெயர். நீங்கள்தான் படித்துக் காட்டினீர்கள். திரும்பவும் படிக்கச் சொன்னேன், சலிக்காமல் படித்தீர்கள். அந்த மாதமே கடைக் கட்டடத்தை இடித்தார்கள். பொங்கல் முடிந்து உங்களைக் கத்தாருக்கு அனுப்பினோம். கிருத்திகைக்கு வந்துவிடுவேன் என்று ஸ்டேஷனில் சொன்னீர்கள்.

நீங்கள் போன பிறகு நான் அந்த விளையாட்டைத் திறக்கவில்லை. வேலை முடிந்துவிட்டது என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் நீங்கள் இல்லாமல் திறக்க மனம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

சித்திரையில் பள்ளிப்பட்டிலிருந்து ஓர் அம்மா போன் பண்ணினார். நெசவுக் குடும்பம். மகள் பெயர் துர்கா. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண், போன வருடம் மூளைக் காய்ச்சல் வந்து பார்வை போய்விட்டது. அறையை விட்டு வெளியே வருவதில்லை, தலை வாரக்கூட விடுவதில்லை, நீங்கள் கொஞ்சம் பேசுங்கள் என்று அழுதார். பேசினேன். நான் பிறவியிலேயே இப்படி, அவளோ பார்த்துப் பழகியவள். இரண்டும் ஒன்றில்லை என்பது எனக்குப் புரியாமல் இல்லை. நான் எது சொன்னாலும், "சும்மா சொல்லாதீங்கக்கா, கண்ணு இல்லாம ஒண்ணும் ஆவாது" என்பாள். விடுவேனா? டவுன் பஸ்ஸை அவள் போனில் ஏற்றச் சொன்னேன். ஆடிப் பார், தனியாக ஆடு, அம்மாவைக்கூடப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதே என்றேன்.

மறுநாள் அவளே போன் பண்ணினாள். குரலே வேறாக இருந்தது. ஒரு கிழவியை ஏற்றாமல் விட்டுவிட்டேன், கண்டக்டர் திட்டுகிறான் என்று சிரித்தாள். பிறகு, "பஸ்ஸு நின்னுகினே கீதுக்கா" என்றாள். நான் ரொம்பத் தெரிந்தவள் போல, அது டீக்கு நிற்கிறது, கையை வைக்காமல் சும்மா இரு, தானாகக் கிளம்பும் என்றேன். அன்றைக்குக் கிளம்பவில்லை. அடுத்த நாளும் கேட்டாள். அவசரப்படாதே, உனக்குப் பொறுமை இல்லை, அதுதான் தப்பு என்று சொன்னேன் பாவா. என் வாயால் சொன்னேன். அந்தப் பெண் மத்தியானம் முழுக்கப் போனை மடியில் வைத்துக்கொண்டு விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

அதோடு போன் வருவது நின்றுவிட்டது. அவள் அம்மாவிடம் கேட்டபோது, போனைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டாள் என்றார். "கண்ணு இல்லாதவங்க ஆடற ஆட்டமே எனக்கு ஆட வரல, நா எதுக்கு இருக்கணும்" என்று கேட்டாளாம்.

சங்கத்துக்கு லீவு போட்டேன். டீ போட்டு வைத்துக்கொண்டு என் போனில் விளையாட்டைத் திறந்தேன். முதல் நிறுத்தம், இரண்டாவது, மூன்றாவது. பஸ் நின்றது. டீ குடித்தேன். டம்ளர் காலியாயிற்று. பஸ் கிளம்பவில்லை. திரையில் அங்கும் இங்கும் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அத்தை வந்து சாப்பிடக் கூப்பிட்டார், போனார், மறுபடி வந்தார். நான் இயர்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜெபசீலனுக்குப் போன் போட்டேன். என் திரையை அவருக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு ஆடிக் காட்டச் சொன்னார். மூன்றாவது நிறுத்தம் வந்ததும், "அக்கா, ஒரு பரிசுப் பெட்டி வந்து நிக்குதுக்கா. மூலையில சின்னதா ஒரு பெருக்கல் குறி கீது, அத அழுத்தினாத்தான் மூடும்" என்றார். கம்பெனியில் விளம்பர வேலை பார்க்கிறவர்கள் சேர்க்கச் சொன்ன பெட்டியாம். அதற்குக் குரல் வைக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். பஸ் ஓடவில்லை என்று வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். பழைய போனாக இருக்கும் என்று இவர்கள் விட்டுவிட்டார்கள், ஏனென்றால் திருத்தணி யோகலட்சுமி தனியாக ஆடி முடித்திருக்கிறாளே. எப்போது சேர்த்தீர்கள் என்று கேட்டேன். நீங்கள் சோதித்துப் பார்த்ததிலேயே இருந்ததுதான் அக்கா என்றார். பிறகு, "டெஸ்ட் பண்ணச்சொல்ல பக்கத்துல யாருனா இருந்தாங்களாக்கா?" என்று கேட்டார்.

யாரும் இல்லை என்றேன். எனக்குப் புரியவில்லை என்று நினைக்காதீர்கள். உடனே புரிந்துவிட்டது. அதனால்தான் யாரும் இல்லை என்றேன்.

அடுத்த நாள் தனியாகவே பஸ் ஏறிப் பள்ளிப்பட்டுக்குப் போனேன். துர்காவின் அம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். தறிச் சத்தத்துக்கு நடுவில் அந்தப் பெண் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தாள். தப்பு உன்னுடையது இல்லை, விளையாட்டில் பேசாத பெட்டி ஒன்று இருந்தது, எனக்கு அது தெரியவில்லை, என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் அதை மூடிக்கொண்டிருந்தார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள், "அப்ப நீங்களும் ஆடலியாக்கா?" என்று கேட்டாள். அவள் அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் போன் தாங்காது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி ரோட்டைக் கடக்க முடியாமல் நின்றேன். ஆட்டோக்காரர்கள் என்னைக் கண்டால் நிறுத்தி வழிவிடுவார்கள் என்று ஊர் பூரா பெருமை அடித்துக்கொண்டிருந்தேனே, அன்றைக்கு ஒருத்தனும் நிறுத்தவில்லை. நீங்கள் பின்னால் நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தீர்களா? வீட்டுக்கு வந்து அத்தையிடம் கேட்டேன், வெள்ளிக்கிழமை நான் போடுகிற கோலம் எப்படி இருக்கும் என்று. அத்தை காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார். நல்லாத்தான் கீது, நேரா கீது என்று எனக்கு இத்தனை வருடம் சொன்னது நீங்கள். நான் உள்ளே போன பிறகு யார் அழித்துச் சரி பண்ணியது? என் ரசம், என் புடவைக்கு எடுத்த ரவிக்கை, சங்கத்தில் என்னை எல்லோரும் மதிக்கிறார்கள் என்றது, இதில் எது நான் செய்தது, எது உங்கள் கை என்று எனக்குத் தெரியவில்லை. எதைத் தொட்டாலும் சந்தேகமாக இருக்கிறது.

கோபம் அந்த வாரத்தோடு போயிற்று. அப்புறம்தான் உங்களைப் பற்றி நினைக்க ஆரம்பித்தேன். பகல் பூரா கடையில் லென்ஸை மாட்டிக்கொண்டு எறும்புக் கால் போன்ற கம்பிகளைப் பார்ப்பீர்கள். வீட்டுக்கு வந்தால் நான் விடமாட்டேன். அது என்ன நிறம், வாசலில் யார், எதிர்வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாரா, டிவியில் அவள் ஏன் அழுகிறாள். சாயங்காலம் நான் பஸ் ஓட்டும்போது நீங்கள் சும்மா பக்கத்தில் சாய்ந்திருப்பதாக நினைத்து எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கிறேன் தெரியுமா. நீங்கள் சாயவே இல்லை. அந்தப் பெட்டி எப்போது வரும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நான் முதல் நாள் விளையாட்டாகச் சொன்ன ஒரு பேச்சு பொய்யாகக் கூடாது என்பதற்காக.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் போன வெள்ளிக்கிழமை வந்தது. நீங்கள் அத்தையிடம் சொன்னதை இப்போது எழுதிவிடுகிறேன். "இங்க வந்த பெறகுதாம்மா என் கண்ணு எனக்குன்னு கீது" என்றீர்கள். வேலை முடிந்து அறைக்கு வந்தால் எதையும் பார்க்காமல் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், நன்றாக இருக்கிறது என்றீர்கள். அத்தை, அவளுக்கு என்னடா சொல்வது என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லாத. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றீர்கள்.

நான் கீரையை உருவி முடித்தேன். அத்தை பின்கட்டுக்கு வந்து, நீங்கள் நன்றாக இருப்பதாகவும் வேலை அதிகம் என்றும் சொன்னார். ஆங், சந்தோஷம் அத்தை என்றேன். அவர் மேல் கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குத் தெரியும் என்பது இந்த நிமிடம் வரை அவருக்குத் தெரியாது.

என்னைக் கட்டிக்கொண்டதை ஊர் தியாகம் என்று சொன்னபோதெல்லாம் நான் சண்டைக்குப் போயிருக்கிறேன். நம் கல்யாணப் பந்தியிலேயே ஒரு பெரியம்மாவை மூக்கறுத்தேன், உங்களுக்கு நினைவிருக்கும். அத்தை மகன், உரிமைக்காரர், பிடித்துக் கட்டிக்கொண்டார், இதில் என்ன தியாகம் மண்ணாங்கட்டி என்று கேட்டேன். இப்போது ஊர் சொன்னதுதான் சரியோ என்று இருக்கிறது. கண் இல்லாததற்கு நான் ஒருநாளும் அழுததில்லை. இதற்கு அழுகிறேன்.

ஜெபசீலன் விளையாட்டைச் சரிசெய்து இந்த வாரம் அனுப்பினார். இப்போது பெட்டி வந்தால் கண்டக்டரே வாய்விட்டு, "பரிசு வந்திருக்கு, வேணாம்னா ரெண்டு தட்டு தட்டு" என்று சொல்கிறார். திரையில் எங்கே தட்டினாலும் மூடிக்கொள்கிறது. இன்னொன்றும் எழுதிக் கொடுத்தேன். இனிமேல் சோதிக்கிறவர் இருக்கும் அறையில் கண் தெரிந்தவர் யாரும் இருக்கக் கூடாது, கதவைச் சாத்திக்கொண்டுதான் ஆட வேண்டும் என்று. நல்ல யோசனை என்று அவர் கம்பெனியில் ஒத்துக்கொண்டார்கள். அதைத் தட்டி எழுதும்போது உங்களை நானே வாசலுக்கு வெளியே நிறுத்துவது போல இருந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன். மூன்றாவது நிறுத்தத்தில் கண்டக்டர் சொன்னார். தட்டினேன். விசில் வந்தது, பஸ் கிளம்பியது, கடைசி நிறுத்தம் வரைக்கும் ஓட்டினேன். நான் ஆசைப்பட்டதெல்லாம் இதுதானே, ஒருத்தர் துணையும் இல்லாமல் ஆட வேண்டும் என்று. ஆடிவிட்டேன். இயர்போனைக் கழற்றியதும் வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. அங்கேயே படுத்து அழுதேன். துர்காவிடமும் சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. இன்னொரு தடவை நம்பச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாவா, உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இரக்கப்பட்டு வாருங்கள் என்று கேட்கவும் இல்லை. அப்படி வருவதானால் வர வேண்டாம். உங்கள் கண் உங்களுக்கே இருக்கட்டும். இங்கே வந்தாலும் உங்களுக்கே இருக்கட்டும். எனக்கு எதையும் பார்த்துச் சொல்ல வேண்டாம். நான் தடுக்கினால் எழுந்துகொள்கிறேன். ரசம் கரித்தால் கரிக்கிறது என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். கோலம் கோணலாக இருந்தால் கோணலாகவே கிடக்கட்டும், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். இவ்வளவுக்குப் பிறகும் என்னோடு இருக்க உங்களுக்குப் பிடித்திருந்தால் வாருங்கள். எனக்கு உங்கள் குரல் வேண்டும், உங்கள் கிண்டல் வேண்டும், கடையிலிருந்து வரும்போது உங்கள் சட்டையில் இருந்த, கம்பி பற்றவைக்கிற அந்த ஈய வாசனை வேண்டும். எனக்கு நீங்கள் வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இல்லை.

பிடிக்கவில்லை என்றால் கையெழுத்துப் போடுங்கள். நான் தடுக்க மாட்டேன், சாபம் கொடுக்க மாட்டேன், அத்தையை என் அம்மா போலப் பார்த்துக்கொள்வேன். ஆனால் அதை என்னிடம் சொல்லுங்கள். எனக்கு வலிக்கும் என்று மறைக்காதீர்கள். நீங்கள் வலிக்காமல் வைத்திருந்தது எனக்குப் போதும்.

தணிகை முருகன் உங்கள் கண்ணுக்கும் உடம்புக்கும் காவலாக இருக்கட்டும். வெயிலில் அலையாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வருவதாக இருந்தால் வருகிறேன் என்று சொல்லுங்கள். வர மாட்டீர்கள் என்றால் மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டால், நீங்கள் வந்துகொண்டிருக்கிறீர்கள் என்றே நான் நினைத்துக்கொள்வேன். என் குணம் உங்களுக்குத் தெரியும். எத்தனை வருடமானாலும் நினைத்துக்கொண்டிருப்பேன். என்னை அப்படி உட்கார வைக்காதீர்கள், பாவா.

உங்கள்,
யோகலட்சுமி